முரானோ அலங்கார ஆடியின் கைவினை நுட்பமும் இரசப்பூச்சின் சான்றுமதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இத்தாலி நாட்டின் வெனிசு நகரை அடுத்த முரானோ தீவில் 16ஆம் நூற்றாண்டு முதல் உருவான அலங்கார ஆடிகள் உலகக் கைவினை வரலாற்றில் தனியிடம் பெற்றவை. அவற்றின் பூவேலைப்பாடுகளும் செதுக்கு விளிம்புகளும் அழகியல் நோக்கிலேயே பெரிதும் பேசப்பட்டுள்ளன. அவ்வேலைப்பாடுகளுள் பல, தொழில்நுட்பத்தின் எல்லைகளைக் கைவினைஞர் எதிர்கொண்ட வழிமுறைகளாகவும் அமைந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மேலும், ஆடியின் பின்புறத்திலுள்ள வெள்ளீய-பாதரசப் பூச்சு அப்பொருளின் முதன்மைச் சான்று என்பதையும், மங்கிய பழைய ஆடிக்குப் புதிதாக இரசம் பூசுவதால் அச்சான்று மீளமுடியாதவாறு அழிகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: முரானோ, அலங்கார ஆடி, இரசப்பூச்சு, வெள்ளீயம், பாதரசம், சாய்விளிம்பு, தொல்பொருள் பாதுகாப்பு.

முன்னுரை

பழம்பொருள்களுள் ஆடி ஒரு தனித்தன்மை வாய்ந்தது. ஓவியத்தைக் காண்பவர் ஓவியத்தையே காண்கிறார். ஆடியைக் காண்பவரோ பெரும்பாலும் தம் உருவத்தையே காண்கிறார். எனவே ஆடி என்னும் பொருள் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. அதன் சட்டகம் போற்றப்படுகிறது; உருவத்தைக் காட்டும் பரப்போ, பழுதானால் மாற்றத்தக்க உறுப்பாகக் கருதப்படுகிறது. இக்கருத்தின் விளைவாகப் பல பழைய ஆடிகள் தம் மூலப்பூச்சை இழந்துள்ளன. முரானோ ஆடியின் உருவாக்க முறையைப் படிப்படியாக ஆராயும்போது இக்கருத்து பொருந்தாது என்பது புலனாகும்.

கலைச்சொல் வரையறை

தமிழில் 'கண்ணாடி' என்னும் சொல் ஒளி ஊடுருவும் பொருளையும், உருவம் காட்டும் கருவியையும் ஒருங்கே குறிக்கிறது. இக்கட்டுரையில் மூலப்பொருள் 'கண்ணாடி' எனவும், உருவம் காட்டும் கருவி 'ஆடி' எனவும் வேறுபடுத்தி ஆளப்படுகின்றன. கண்ணாடித் தகட்டின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் 'இரசப்பூச்சு' எனப்படுகிறது. 'இரசம்' என்பது பாதரசத்தைக் குறிக்கும் சொல். வெள்ளிப்பூச்சு வழக்கிற்கு வந்த பின்னரும் 'ரசம் பூசுதல்', 'ரசம் போன கண்ணாடி' என்னும் தொடர்கள் தமிழ்ப் பேச்சில் நிலைத்துள்ளன. பாதரசத்தால் ஆடி செய்த பழைய தொழில்நுட்பத்தின் பெயரை இத்தொடர்கள் இன்றும் தாங்கியுள்ளன.

முரானோ: வரலாற்றுப் பின்னணி

கண்ணாடி உலைகளால் நகரில் தீ பரவும் என்னும் அச்சத்தால், 1291ஆம் ஆண்டு வெனிசுக் குடியரசு அவ்வுலைகளை முரானோ தீவிற்கு மாற்ற ஆணையிட்டது. தீவில் தொழில் ஒருங்கே குவிந்ததால் கைவினைஞர்களின் அறிவு தலைமுறை தலைமுறையாகச் செறிவுற்றது. அதைக் காப்பதும் கண்காணிப்பதும் அரசுக்கு எளிதாயின. கண்ணாடித் தொழிலாளர் பிற நாடுகளுக்குச் சென்று தொழில் புரிவதைக் குடியரசு தடை செய்தது.

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஞ்செலோ பரோவியேர் என்னும் முரானோக் கைவினைஞரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 'கிறிஸ்தல்லோ' என்னும் தெளிகண்ணாடி உருவானது. ஆற்றுப்படுகைகளில் கிடைத்த தூய படிகக் கூழாங்கற்களின் பொடியும், கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த தாவரச் சாம்பலைக் கரைத்து வடித்துத் தூய்மை செய்த உப்பும் அதன் மூலப்பொருள்கள். இரும்பு மாசினால் விளையும் பசுமை நிறத்தைப் போக்க மாங்கனீசு சிறிதளவு சேர்க்கப்பட்டது. நிறமற்ற கண்ணாடி இல்லையேல் உருவத்தை நிறம் மாறாமல் காட்டும் ஆடியும் இல்லை. அவ்வகையில் கிறிஸ்தல்லோவே ஆடித் தொழிலின் அடித்தளம் எனலாம்.

1507ஆம் ஆண்டு தால் கல்லோ குடும்பத்தைச் சேர்ந்த ஆந்திரேயா, தொமேனிக்கோ ஆகிய உடன்பிறந்தார் தெளிகண்ணாடியில் ஆடி செய்யும் தனியுரிமையை வெனிசு அரசிடம் பெற்றனர். அதுவரை ஐரோப்பாவில் மெருகேற்றிய உலோக ஆடிகளும், சிறிய குவிந்த கண்ணாடி ஆடிகளுமே பெரிதும் வழக்கில் இருந்தன. தட்டையான, தெளிந்த, ஒளிமிக்க ஆடி ஒரு புதுப்பொருளாக அரசவைகளைக் கவர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஆடி செய்வோர் வெனிசில் தமக்கெனத் தனித் தொழிற்குழு அமைக்கும் அளவிற்கு இத்தொழில் வளர்ந்தது.

கண்ணாடித் தகடு உருவாக்கம்

ஆடிக்கு முதல் தேவை தட்டையான தகடு. முரானோவில் அது ஊதுமுறையால் உருவானது. உருகிய கண்ணாடியை ஊதுகுழலின் நுனியில் எடுத்து ஊதியும், ஆட்டியும், உருட்டியும் நீண்ட உருளையாக்குவர். உருளையின் இரு முனைகளையும் நீக்கி, நெடுக்கே பிளந்து, மீண்டும் சூடேற்றித் தட்டையாக விரிப்பர். பின் மெல்ல ஆறவிடுவர். விரைவில் ஆறினால் தகட்டினுள் இறுக்கம் தங்கி, பின்னர் அறுக்கும்போதோ செதுக்கும்போதோ உடையும்.

இவ்வாறு பெற்ற தகடு சீரான பரப்புடையதன்று. மணலும் நீரும் கொண்டு அதைத் தேய்த்துச் சமன் செய்து, மேலும் நுண்ணிய பொடிகளால் மெருகேற்றுவர். தகட்டின் இரு பக்கங்களும் இவ்வாறு தேய்க்கப்பட வேண்டும். முன்பக்கத்தின் மேடுபள்ளம் உருவத்தைக் கோணலாக்கும். பின்பக்கத்தின் மேடுபள்ளம் பூச்சு சீராகப் படிவதைத் தடுக்கும். கைத்தேய்ப்பால் ஏற்படும் மிக நுண்ணிய அலைவே, பழைய ஆடியில் உருவம் சற்றே அசைவது போலத் தோன்றுவதற்குக் காரணமாகும்.

ஊதுமுறைக்கு ஓர் எல்லை உண்டு. மனிதர் ஒருவர் ஊதித் தூக்கக்கூடிய உருளையின் அளவே தகட்டின் அளவை நிர்ணயித்தது. எனவே தகடுகள் ஏறத்தாழ ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிதாயிற்று. பெரிய தகடு வேண்டின் உருளையின் சுவர் மெலியும். மெலிந்த தகடு தேய்ப்பைத் தாங்காது. முரானோ ஆடியின் வடிவமைப்பைத் தீர்மானித்த காரணிகளுள் இவ்வெல்லையே முதன்மையானது.

இரசம் பூசும் முறை

மெருகேற்றிய தகட்டிற்கு இரசம் பூசும் பணி கல் மேசை ஒன்றின்மீது நடைபெற்றது. மேசையைச் சுற்றி வழிந்தோடும் பாதரசத்தைத் தாங்கும் பள்ளம் இருக்கும். தாள் போல மெல்லியதாகத் தட்டிய வெள்ளீயப் படலம் மேசைமீது சுருக்கமின்றி விரிக்கப்படும். முதலில் சிறிதளவு பாதரசம் தேய்க்கப்பட்டு, வெள்ளீயப் பரப்பு இணக்கம் பெறும். பின்னர்ப் பாதரசம் சில மில்லிமீட்டர் உயரம் நிற்குமாறு ஊற்றப்படும்.

அடுத்த படி மிகுந்த தேர்ச்சியை வேண்டுவது. தூசற்ற தகட்டை ஒரு விளிம்பிலிருந்து பாதரசத்தின்மீது மெல்லத் தள்ளிச் செலுத்துவர். தகட்டின் முன்விளிம்பு பாதரசத்தின் மேற்படிந்த மாசுப்படலத்தை ஒதுக்கித் தள்ள, அதனடியிலுள்ள தூய உலோகப் பரப்பு கண்ணாடியைத் தொடும். ஒரு தூசியோ காற்றுக்குமிழியோ இடையில் சிக்கினால் அவ்விடம் நிலையான புள்ளியாகத் தங்கிவிடும். தகடு முழுதும் அமர்ந்தபின் அதன்மீது எடைக்கற்கள் வைத்து மிகுதிப் பாதரசம் பிழிந்தெடுக்கப்படும். மேசையைச் சிறிது சிறிதாகச் சாய்த்து, எஞ்சிய நீர்மம் வடியப் பல நாட்கள் விடப்படும். பெரிய ஆடிகளுக்கு இக்காலம் வாரக்கணக்கில் நீளும்.

இவ்வாறு உருவாகும் பூச்சு முழுத்திண்மம் அன்று. வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த நுண்படிகங்களும், அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் பாதரசம் மிகுந்த நீர்மமும் ஒன்றாகக் கலந்த அமைப்பே அது. பசை ஏதுமின்றி, இந்நீர்மத்தின் தொடுகையாலேயே பூச்சு கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறது. இதனால் அது விரலால் தேய்த்தாலும் சிதையும் மென்மையுடையது. பின்னாளைய வெள்ளிப்பூச்சினும் ஒளித்திருப்பும் திறன் குறைந்தது. அது காட்டும் உருவத்தில் மென்மையான நீலச்சாம்பல் சாயல் தோன்றும்.

அலங்காரம்: எல்லையிலிருந்து பிறந்த அழகு

மேற்கூறிய நுட்பங்களின் பின்னணியில் நோக்கினால் முரானோ ஆடியின் அலங்கார உறுப்புகள் ஒவ்வொன்றும் புதிய பொருள் பெறுகின்றன.

முதலாவது, கண்ணாடியாலேயே அமைந்த சட்டகம். நடுத்தகட்டை ஓர் அளவிற்குமேல் பெரிதாக்க இயலாத நிலையில், அதைச் சுற்றிச் சிறு ஆடித்துண்டுகளை அடுக்கி முழுமையின் பரப்பைப் பெருக்கினர். ஆடி ஆடியால் சூழப்படும்போது, காண்பவருக்குத் துண்டுகள் தனித்தனியே தெரிவதில்லை. விரிந்த ஒளிப்பரப்பே தெரிகிறது.

இரண்டாவது, மறைப்புப் பூக்கள். கண்ணாடித் துண்டுகள் மரப் பலகைமீது திருகாணியாலோ ஆணியாலோ பொருத்தப்படுகின்றன. அப்பொருத்து முனைகளின்மீது கண்ணாடியால் செய்த பூவும் இலையும் அமர்கின்றன. இரு துண்டுகள் கூடும் இடைவெளியை முறுக்குக் கண்ணாடிக் கம்பிகள் மறைக்கின்றன. உலையருகே சூடான கண்ணாடியைக் குறட்டால் கிள்ளியும் இழுத்தும் செய்யப்படும் இப்பூக்கள், இணைப்பை மறைக்கும் பணியையும் அழகூட்டும் பணியையும் ஒருங்கே செய்கின்றன.

மூன்றாவது, சாய்விளிம்பு. அறுத்த கண்ணாடியின் விளிம்பு கரடுமுரடானது, எளிதில் சிதறக்கூடியது. அதைச் சாய்வாகத் தேய்ப்பதால் விளிம்பு பாதுகாப்புப் பெறுகிறது; ஒளியும் அங்கு வளைந்து மின்னுகிறது. கையால் தேய்த்த பழைய சாய்விளிம்பு அகலமானதும் ஆழம் குறைந்ததும் ஆகும். விரலால் தடவினால் அதன் தொடக்க இடத்தை உணர்வது அரிது. எந்திரத்தால் வெட்டிய பின்னாளைய விளிம்பு கூர்மையான கோட்டுடன் தொடங்கும்.

நான்காவது, செதுக்கு வேலை. 1549இல் வின்சென்சோ தால் கல்லோ என்பவர் வைர முனையால் கண்ணாடியில் கோடு கீறும் முறைக்குத் தனியுரிமை பெற்றார். பின்னர் மத்திய ஐரோப்பாவில் செழித்த செதுக்குச் சக்கர முறையும் வெனிசில் பரவியது. 18ஆம் நூற்றாண்டு வெனிசு ஆடிகளில் கொடிகளும், மாந்தர் உருவங்களும் பெரும்பாலும் தகட்டின் பின்புறத்தில் செதுக்கப்பட்டன. முன்னிருந்து காண்கையில் அவை ஒளிப்பரப்பினுள் மிதக்கும் மங்கிய வெண்ணுருவங்களாகத் தோன்றும். செதுக்கி முடித்தபின்னரே இரசம் பூச இயலும். ஆதலின் ஊதுபவர், தேய்ப்பவர், செதுக்குபவர், இரசம் பூசுபவர் என அடுத்தடுத்த கைகளைக் கடந்துவரும் தகடு, இறுதிப் படியில் சிதைந்தாலும் அனைவர் உழைப்பும் வீணாகும். ஆடியின் அரிய விலைக்கு இவ்விடர்ப்பாடும் ஒரு காரணமாகும்.

பாரீசுக்குப் பெயர்ந்த நுட்பம்

வெனிசின் தனியுரிமையை முறியடிக்க முனைந்தவர் பிரான்சு மன்னர் 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேர். அவருடைய முயற்சியால் 1665இல் பாரீசில் அரச ஆடித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. முரானோக் கைவினைஞர் சிலர் மறைவாக அங்கு வரவழைக்கப்பட்டனர். வெனிசு அரசு அவர்களைத் திரும்பப் பெற அச்சுறுத்தலையும் சலுகையையும் மாறிமாறிக் கையாண்டது. எனினும் நுட்பம் எல்லை கடந்துவிட்டது.

1678 முதல் 1684 வரை வெர்சாய் அரண்மனையில் கட்டப்பட்ட ஆடிமண்டபம் இவ்வெற்றியின் பொதுக்காட்சியாக அமைந்தது. 73 மீட்டர் நீளமுள்ள அம்மண்டபத்தில் 17 சாளரங்களுக்கு எதிரே 17 ஆடி வளைவுகள் உள்ளன. அவற்றில் மொத்தம் 357 ஆடித்தகடுகள் பொருத்தப்பட்டன. ஒரு வளைவிற்கு 21 தகடுகள் என்னும் இக்கணக்கே ஊதுமுறையின் எல்லையைக் காட்டுகிறது. அரசனின் செல்வமும் அதிகாரமும் முயன்றும், ஒரு வளைவை ஒரே தகட்டால் நிரப்ப அக்காலத் தொழில்நுட்பம் இடந்தரவில்லை.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருகிய கண்ணாடியை உலோக மேசைமீது ஊற்றி உருளையால் பரப்பும் வார்ப்புமுறை பிரான்சில் உருவாகி, சேன்-கோபேன் ஆலையில் நிலைபெற்றது. பெரிய தகடுகள் கிடைத்ததும் ஆடியழகின் இலக்கணமே மாறியது. இடையூறற்ற ஒற்றைப் பரப்பு உயர்வின் அடையாளமாயிற்று. முரானோக் கைவினைஞரோ, துண்டுகளை இணைக்கும் தம் முறையைக் கைவிடாமல் பூவும் செதுக்கும் மிகுந்த அலங்காரத்தை மேலும் வளர்த்தனர். எல்லையாகத் தொடங்கியது அவர்களின் பாணியாக நிலைத்தது.

கைவினைஞர் உடல்நலம்

ஆடியின் ஒளிக்குப் பின்னே ஒரு துயர வரலாறும் உண்டு. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். திறந்த மேசைமீது அதை நாள்தோறும் ஊற்றி வடித்தோர் அந்நச்சாவியைத் தொடர்ந்து சுவாசித்தனர். தொழில்சார் நோய்களின் மருத்துவத்திற்கு முன்னோடியான இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாச்சீனி, 1700இல் வெளியிட்ட தம் நூலில் வெனிசு ஆடித் தொழிலாளரின் வாதத்தையும் மூச்சிரைப்பையும் பதிவு செய்துள்ளார். ஜெர்மனியின் ஃபியூர்த் முதலிய நகரங்களில் ஆடித் தொழிலாளரிடம் கண்ட நடுக்கம், வாய்ப்புண், மனக்கிளர்ச்சி ஆகியவற்றை மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் 1861இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

ஜெர்மானிய வேதியியலார் யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1835இல் வெள்ளிக் கரைசலிலிருந்து கண்ணாடிமீது வெள்ளிப்படலம் படியச் செய்யும் வினையைக் கண்டறிந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேம்பட்ட வெள்ளிப்பூச்சு முறைகள் பரவியதால், இரசக்கலவை முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஏறத்தாழ முற்றாக மறைந்தது. அது மீண்டும் வழக்கிற்கு வருவது விரும்பத்தக்கதும் அன்று. எனவே இன்று எஞ்சியுள்ள இரசக்கலவை ஆடிகளின் எண்ணிக்கை இனிக் குறையுமே தவிரக் கூடாது.

இரசம் போதலும் காலக்கணிப்பும்

பூச்சினுள் தங்கிய நீர்மப் பாதரசம் காலப்போக்கில் இருவழிகளில் வெளியேறுகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. மற்றொரு பகுதி புவியீர்ப்பால் கீழிறங்கி ஆடியின் அடிவிளிம்பில் நுண்துளிகளாகத் திரள்கிறது. எஞ்சும் வெள்ளீயம் காற்றால் ஆக்சைடாக மாறிச் சாம்பல் நிறம் பெறுகிறது. முன்னிருந்து காண்கையில் இம்மாற்றம் கருமை படர்ந்த திட்டுகளாகவும், மினுமினுக்கும் படிகப் புள்ளிகளாகவும் தோன்றும். வெள்ளிப்பூச்சின் சிதைவோ பழுப்பும் கருமையுமான கறைகளாகவும், பூச்சு உரிதலாகவும் வெளிப்படும்.

இவ்வேறுபாடு காலக்கணிப்பிற்கு இன்றியமையாதது. 1850களின் பிற்பகுதி முதல் முரானோவில் பழம்பாணிகள் மீட்டெடுக்கப்பட்டன. 1861இல் அங்குக் கண்ணாடி அருங்காட்சியகமும் நிறுவப்பட்டது. அம்மறுமலர்ச்சியில் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் வடிவில் ஏராளமான ஆடிகள் செய்யப்பட்டன. ஆதலால் வடிவம் மட்டுமே காலத்தை உறுதி செய்யாது. பின்வருவனவற்றை ஒருங்கே நோக்க வேண்டும்: பின்புறப் பூச்சு வண்ணக் காப்புப்பூச்சின்றி வெள்ளீயச் சாயலுடன் உள்ளதா, அடிவிளிம்பில் பாதரசத் துளிகள் உள்ளனவா, சாய்விளிம்பு கைத்தேய்ப்பின் தன்மையுடையதா, பின்பலகையும் ஆணிகளும் ஒருமித்த பழமை காட்டுகின்றனவா. பொருளுக்குச் சேதமின்றி எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையால் பூச்சிலுள்ள பாதரசத்தையும் வெள்ளீயத்தையும் உறுதி செய்யலாம். இரசக்கலவைப் பூச்சு தனித்து நின்று துல்லியமான ஆண்டைத் தராது. ஆயினும் 20ஆம் நூற்றாண்டுப் போலிகளை விலக்குவதற்கு அது வலுவான சான்றாகும்.

மீள்பூச்சு: எதிர்வாதமும் மறுப்பும்

உருவம் காட்டுவதே ஆடியின் பயன் எனவும், அப்பயனை இழந்த ஆடிக்குப் புதுப்பூச்சு இடுவதே அதற்கு உயிரூட்டுவது எனவும் கூறப்படுவதுண்டு. பயன்பாட்டு நோக்கில் இவ்வாதம் இயல்பானதே. ஆனால் பழைய பூச்சைச் சுரண்டி நீக்கும்போது அழிவது ஒரு மங்கல் படலம் மட்டுமன்று. வெள்ளீயப் படலத்தின் இணைப்புக் கோடுகள், பாதரசம் வடிந்த திசை, ஆடி தொங்கிய நிலை ஆகியவற்றின் தடயங்களும் அதனோடு அழிகின்றன. பூச்சை நீக்கும் பணியில் ஈடுபடுவோரும் பாதரச நஞ்சிற்கு ஆளாவர்.

உருவம் காட்டும் தேவை கட்டாயமாயின், பழைய தகட்டைக் கழற்றித் தனியே காத்து, சட்டகத்தில் புதிய தகடு ஒன்றைப் பொருத்தலாம். இச்செயல் மீளக்கூடியது. பழைய ஆடியை அது தொங்கிய திசையிலேயே நிமிர்த்தி வைத்தல், வெயிலும் வெப்பமும் படாமல் காத்தல், பின்புறத்தைத் துடைக்காதிருத்தல், கையுறையுடனும் காற்றோட்டத்துடனும் கையாளுதல், கசிந்த பாதரசத்தை மூடிய கலத்தில் சேர்த்தல் ஆகியவை அடிப்படை நெறிகள். தலைகீழாகத் திருப்பினால் அடியில் திரண்ட நீர்மம் மீண்டும் பூச்சினூடே இறங்கிப் புதிய சேதம் விளைவிக்கும்.

இந்நெறி தமிழகத்திற்கும் பொருந்துவது. செட்டிநாட்டு வீடுகளில் 'பெல்ஜியம் கண்ணாடி' என வழங்கும் இறக்குமதி ஆடிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்த வீடுகளில் பரவலாகக் காணப்படுகின்றன. அக்காலம் வெள்ளிப்பூச்சு பரவிய காலம் ஆதலின் அவற்றுள் பெரும்பாலானவை வெள்ளிப்பூச்சு உடையனவாகவே இருக்கக்கூடும். எனினும் இரு முறைகளும் அருகருகே வழங்கிய இடைக்காலம் அது. 'ரசம் போய்விட்டது' என்று கூறி ஓர் ஆடியை மீள்பூச்சிற்கு அனுப்புமுன், போனது எந்த இரசம் என ஆராய்வது கடமையாகிறது.

முடிவுரை

முரானோ ஆடியின் அலங்காரம் தகட்டின் அளவு, இணைப்பு, விளிம்பு ஆகியவற்றின் எல்லைகளோடு கைவினைஞர் நடத்திய நீண்ட உரையாடலின் விளைவு. வெர்சாய் மண்டபத்தின் 357 தகடுகளும் அவ்வெல்லைக்கே சான்று பகர்கின்றன. அலங்காரத்தையும் தகட்டையும் இணைத்து ஒரு பொருளாக்கிய இரசப்பூச்சு, தொழிலாளரின் உடல்நலத்தை விலையாகக் கொண்டு உருவானது. இனி அதே முறையில் செய்யப்படாதது. ஆகவே மங்கிய பழைய ஆடியைப் பழுதுற்ற கருவியாகக் கொள்ளாமல், கைவினை வரலாற்றின் மூல ஆவணமாகக் கொள்வதே முறையாகும். பூச்சின் வகையைப் பதிவு செய்வதும் பின்புறத்தை ஒளிப்படம் எடுத்து வைப்பதும் ஆடி பற்றிய எந்தவோர் ஆய்விற்கும் முதற்படியாக அமைதல் வேண்டும்.